தனிநகல் கட்டணம்

தனிநகல் கட்டணம் என்பது, மக்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் எடுக்கும் பாட்டு நகல்களுக்கு ஈடாகக் கலைஞர்களுக்கு வழங்கப்படும் தொகை ஆகும். இத்தொகை பாட்டைக் கேட்பவரிடம் நேரடியாக வாங்கப்படுவதில்லை. நகல் எடுக்க உதவும் கருவியின் விலையிலோ, வெற்று ஒலிநாடா, வெற்றுக் குறுந்தகடு, நினைவக அட்டை போன்ற ஊடகங்களின் விலையிலோ சேர்த்து வாங்கப்படுகிறது. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ இதைச் செலுத்துவார். முடிவில் கடையில் பொருளை வாங்குபவர் தலையிலேயே இது வந்து விழும். திரளும் பணம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக் கலைஞர், இசை வெளியீட்டாளர், ஒலிப்பதிவு நிறுவனம் ஆகியோருக்கு வகுக்கப்பட்ட விகிதத்தில் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வெற்று ஊடகக் கட்டணம் என்றும் இது அழைக்கப்படுவதுண்டு.

இம்முறையை முதன்முதலில் சட்டமாக்கிய நாடு மேற்கு ஜெர்மனி ஆகும் (1965). பின்னர் பிரான்சு, ஸ்பெயின், நெதர்லாந்து உள்ளிட்ட பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும், ஜப்பான், ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகியவையும் ஏதோ ஒரு வடிவில் இதனை ஏற்றன. பிரித்தானியாவும் அயர்லாந்தும் இந்தியாவும் ஏற்கவில்லை. ஒலிநாடாவில் தொடங்கிய இக்கட்டணம் குறுந்தகடு, எம்பி3 இசைக்கருவி, செல்பேசி, முகில் சேமிப்பகம் என ஒவ்வொரு புதிய தொழில்நுட்பம் வரும்போதும் மீண்டும் வழக்காகியுள்ளது. கட்டணம் கலைஞரின் உழைப்போடு கட்டப்படாமல் பொருளோடு கட்டப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

அடிப்படை

ஒருவர் விலை கொடுத்து வாங்கிய இசைத்தட்டை வெற்று ஒலிநாடாவில் பதிவு செய்து மகிழுந்தில் கேட்கிறார். அல்லது நண்பருக்குக் கொடுக்கிறார். படைப்பை நகலெடுக்கும் உரிமை பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளிக்கு உரியது. ஆனால் இந்த நகல் மூடிய கதவுக்குப் பின்னால் எடுக்கப்படுகிறது. அரசு இதனைத் தடை செய்தால், தடையை நடைமுறைப்படுத்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். முற்றிலும் இலவசமாக விட்டால், ஒரு தட்டு விற்று நான்கு பேர் கேட்கும் நிலையில் கலைஞருக்கு ஒரு தட்டுக்கான வருவாய் மட்டுமே கிடைக்கும். நகலெடுக்க அனுமதித்து, அதற்கான ஈட்டை நகலெடுக்கும் பொருளின் விலையில் வாங்கிக்கொள்வது மூன்றாவது வழி. தனிநகல் கட்டணம் இந்த மூன்றாவது வழியாகும்.

விற்பனைக்காகக் கள்ளத்தனமாக அச்சிடப்படும் தட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவை குற்றமாகவே கருதப்படுகின்றன. கட்டணம் செலுத்தப்பட்ட வெற்றுத்தட்டில் அவற்றைப் பதிவு செய்தாலும் சட்ட அனுமதி கிடைப்பதில்லை.

தோற்றம்: ஜெர்மனி

1950களில் மேற்கு ஜெர்மனியில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஒலிப்பதிவுக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. வானொலியில் ஒலிக்கும் பாடலையும் நண்பரின் இசைத்தட்டையும் யாரும் பதிவு செய்துகொள்ள முடிந்தது. அந்நாட்டில் அப்போது நடைமுறையில் இருந்த 1901ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு நகலெடுப்பதை அனுமதித்திருந்தது. அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் நகல் என்றால் கையால் இசைக்குறிப்பை எழுதிக்கொள்வது என்றே பொருள்.

இசையமைப்பாளர்களின் உரிமை அமைப்பான கெமா, கருவி தயாரிப்பாளரான குருண்டிக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 1955 மே மாதம் அளித்த தீர்ப்பில், பழைய சட்டத்தின் அனுமதி ஒலிநாடாப் பதிவுக்குப் பொருந்தாது என்று கூறியது. தீர்ப்பு கெமாவுக்குச் சாதகமாக அமைந்தபோதும், யார் வீட்டில் யார் எதைப் பதிவு செய்கிறார் என்பதை அறிய அவ்வமைப்பிடம் வழி ஏதும் இல்லை.

எனவே கருவி வாங்குபவர்களின் அடையாள அட்டை விவரங்களை விற்பனையாளர்கள் பெற்றுத் தரவேண்டும் என்று கெமா கோரியது. இவ்வழக்கில் 1964இல் வந்த தீர்ப்பே இத்துறையின் திருப்புமுனை எனலாம். தனியார் இல்லங்களில் நடப்பதைக் கண்காணிப்பது வீட்டின் மீறப்படாமை என்னும் அடிப்படை உரிமைக்கு முரணாகும் என்று கூறி நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. அதே வேளையில், நகலெடுப்பதற்கான கருவியைச் செய்து விற்று இலாபம் பெறும் தயாரிப்பாளர் ஈடு வழங்கப் பொறுப்பாகலாம் என்ற வழியையும் திறந்து வைத்தது. கலைஞரின் கூலிக்கும் குடிமகனின் அந்தரங்கத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள்.

1965 செப்டம்பரில் நிறைவேறிய புதிய பதிப்புரிமைச் சட்டம் இவ்வழியை ஏற்றது. தனிப்பயன் நகல் அனுமதிக்கப்பட்டது. ஒலிப்பதிவுக் கருவித் தயாரிப்பாளர் விற்பனை விலையில் 5 விழுக்காட்டுக்கு மிகாத தொகையைச் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. கருவிகளின் விலை குறைந்து, வெற்று நாடாக்களின் விற்பனை பெருகியதால் அத்தொகை போதாமற் போயிற்று. 1985இல் செய்யப்பட்ட திருத்தம் வெற்று நாடாக்களுக்கும் கட்டணத்தை விரிவுபடுத்தியது. 2008 முதல் கட்டண அளவைச் சட்டமே குறிப்பிடாமல், உரிமை அமைப்புகளும் தொழில் சங்கங்களும் பேசி முடிவு செய்யும் முறை வந்தது.

கேசட் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட்டும், சோனி நிறுவனம் 1979இல் வெளியிட்ட வாக்மனும் வீட்டு ஒலிப்பதிவை உலகெங்கும் அன்றாடப் பழக்கமாக்கின. பிரித்தானிய இசைத்தட்டுத் தொழிலகச் சங்கம் 1980களின் தொடக்கத்தில் வீட்டு ஒலிப்பதிவு இசையையே கொன்றுவிடும் என்று பெரும் பரப்புரை மேற்கொண்டது. மண்டை ஓட்டுக்குப் பதிலாகக் கேசட்டையும் அதன் கீழே குறுக்கெலும்புகளையும் கொண்ட சின்னம் இசைத்தட்டு உறைகளில் அச்சிடப்பட்டது. பரப்புரை எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. கேலிக்கே மிகுதியாக உள்ளானது. டெட் கென்னடீஸ் என்னும் அமெரிக்கக் குழு 1981இல் வெளியிட்ட கேசட்டின் ஒரு பக்கத்தை வெற்றாக விட்டு, நேயர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம் என்று குறிப்பும் எழுதியிருந்தது.

பிரித்தானிய அரசு 1986ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் வெற்று நாடாக்களுக்குக் கட்டணம் விதிக்க முன்மொழிந்து, பின்னர் கைவிட்டது. இரட்டைக் கேசட் பதிவுக் கருவிகளை விற்ற ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின் மீதான வழக்கில், கருவியை விற்பது உரிமை மீறலுக்கு அனுமதி தருவதாகாது என்று பிரபுக்கள் அவை 1988இல் தீர்ப்பளித்தது. இதன் விளைவாகப் பிரித்தானியாவில் வீட்டு நகல் சட்டப்படி தவறாகவும், நடைமுறையில் எல்லோரும் செய்வதாகவும், கலைஞருக்கு எதுவும் தராததாகவும் தொடர்ந்தது. 2014 அக்டோபரில் சொந்த நகலை அனுமதிக்கும் விதி ஈடு ஏதுமின்றிக் கொண்டுவரப்பட்டது. இசைக்கலைஞர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்து வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் 2015 சூலையில் அவ்விதியை நீக்கியது.

பிரான்சு 1985இல் கட்டணத்தை ஏற்றது. திரளும் தொகையில் 25 விழுக்காடு தனிக் கலைஞர்களுக்குப் பிரிக்கப்படாமல் இசை விழாக்கள், மேடை நிகழ்ச்சிகள், இளங்கலைஞர் பயிற்சி போன்றவற்றுக்கு ஒதுக்கப்படுவது பிரெஞ்சு முறையின் தனிச்சிறப்பாகும்.

வரியா, கூலியா?

பொதுமக்கள் பேச்சில் இக்கட்டணம் பெரும்பாலும் வரி என்றே சுட்டப்படுகிறது. பணம் கருவூலத்துக்குச் செல்லாமல் உரிமையாளருக்குச் செல்வதால் இது வரி அன்று, தாமதமாக வரும் கூலியே என்பது கலைஞர் அமைப்புகளின் விளக்கம். இது வெறும் சொற்போர் அன்று. ஆஸ்திரேலியா 1989இல் வெற்று நாடாக் கட்டணத்தைப் பதிப்புரிமைச் சட்டத்தின் திருத்தமாகக் கொண்டுவந்தது. நாடா தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1993இல், இது உண்மையில் வரியே என்றும், வரி விதிக்கும் சட்டத்தில் வேறு பொருள் கலக்கக்கூடாது என்னும் அரசியலமைப்பு விதியை இது மீறுகிறது என்றும் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அத்துடன் ஆஸ்திரேலியாவில் இம்முறை முடிவுக்கு வந்தது. ஒரே கட்டணம் ஒரு நாட்டில் கூலியாகவும் மற்றொரு நாட்டில் வரியாகவும் கொள்ளப்பட்டதற்கு இது சான்று.

ஐக்கிய அமெரிக்கா

கேசட்டில் எடுத்த நகலுக்கு மறுநகல் எடுக்கும்போது இரைச்சல் கூடி ஒலித்தரம் குறையும். எண்ணிமப் பதிவில் இக்குறை இல்லை; நூறாவது நகலும் முதல் நகலைப் போன்றதே. எனவே 1987இல் எண்ணிம ஒலிநாடாக் கருவி ஜப்பானில் வெளிவந்தபோது அமெரிக்க இசைத் தொழிலகம் அச்சமடைந்தது. பாடலாசிரியர் சாமி கான் உள்ளிட்டோர் 1990இல் சோனி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். இரு தரப்பும் சமரசத்துக்கு வந்ததன் பேரில் 1992இல் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டம் எண்ணிம ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு 2 விழுக்காடும் வெற்று ஊடகங்களுக்கு 3 விழுக்காடும் கட்டணம் விதித்தது. கருவி ஒன்றுக்கான கட்டணம் பொதுவாக 1 டாலருக்குக் குறையாமலும் 8 டாலருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மூலத்திலிருந்து நகல் எடுக்க விட்டு, நகலிலிருந்து மறுநகல் எடுப்பதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடும் கருவிகளில் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் கணினித் துறையின் நலன் கருதிக் கணினிகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே விடப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் இசை முழுவதும் கணினிக்குள் புகுந்துவிட்டதால், இந்த விலக்கே சட்டத்தின் வலுவை உறிஞ்சிவிட்டது.

1998இல் டைமண்ட் நிறுவனம் ரியோ என்னும் சிறிய எம்பி3 இசைக்கருவியை வெளியிட்டது. அதன் நினைவகம் 32 மெகாபைட்டு. ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரப் பாட்டுகளே அதில் கொள்ளும். இசைத்தட்டுத் தொழிலகச் சங்கம், இக்கருவிக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் என்று வழக்குத் தொடுத்தது. 1999 சூனில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் வாதத்தை ஏற்கவில்லை. ரியோ பாட்டை நேரடியாக இசைத்தட்டிலிருந்து எடுக்காமல் கணினியின் வன்தட்டிலிருந்து எடுக்கிறது. வன்தட்டு இசைக்கு மட்டும் உரிய ஊடகம் அன்று. எனவே ரியோ சட்டம் கூறும் ஒலிப்பதிவுக் கருவி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ஏற்கெனவே சொந்தமாக வைத்திருக்கும் பாட்டை வேறிடத்துக்குக் கொண்டு செல்வது சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்ததே என்றும் நீதிமன்றம் கூறியது.

2001 அக்டோபரில் 5 கிகாபைட்டு வன்தட்டுடன் 399 டாலர் விலையில் ஆப்பிள் ஐபாட் வெளிவந்தபோது பாதை ஏற்கெனவே திறந்திருந்தது. ஐபாட் விற்பனையிலிருந்து இச்சட்டப்படி கலைஞருக்கு ஒரு சதமும் சேரவில்லை. கட்டணம் வாங்கப்பட்ட எண்ணிம ஒலிநாடாக் கருவியோ பொதுமக்களிடம் பரவாமல் ஒலிப்பதிவுக் கூடங்களோடு நின்றுவிட்டது. கடைகளில் இசைக்கான வெற்றுக் குறுந்தகடு என்றும் தரவுக்கான வெற்றுக் குறுந்தகடு என்றும் இரு வகை விற்கப்பட்டதும் இச்சட்டத்தின் விளைவே. முதல் வகைக்குக் கட்டணம் உண்டு, இரண்டாம் வகைக்கு இல்லை. கணினியில் எழுதுவோருக்கு இரண்டும் ஒன்றே என்பதால் மலிவான தரவுத் தட்டையே பெரும்பாலோர் வாங்கினர்.

கனடா

கனடாவின் அனுபவம் தனித்துக் கூறத்தக்கது. 1997இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம், இசையை வெற்று ஊடகத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு நகலெடுப்பதைச் சட்டபூர்வமாக்கியது. அதற்கு ஈடாக ஊடகங்களுக்கு மட்டும் கட்டணம் விதிக்கப்பட்டது, கருவிகளுக்கு இல்லை. கட்டண அளவைப் பதிப்புரிமை வாரியம் முடிவு செய்கிறது. 2000களின் முற்பகுதியில் சாதாரண வெற்றுக் குறுந்தகட்டுக்கு 21 சதமும், இசைக்கென விற்கப்பட்ட தட்டுக்கு 77 சதமும் வாங்கப்பட்டன. பின்னர் சாதாரணத் தட்டுக்கு 29 சதமாக உயர்ந்தது. மொத்தமாக வாங்கும்போது தட்டின் விலை மிகக் குறைந்துவிட்டதால், சில வேளைகளில் பொருளை விடக் கட்டணம் கூடுதலாயிற்று. குடும்ப ஒளிப்படங்களைச் சேமிக்கத் தட்டு வாங்கியவர்களின் மனக்குறைக்கு இது முக்கிய காரணம்.

2003 திசம்பரில் வாரியம் எம்பி3 இசைக்கருவிகளுக்கும் கட்டணம் அறிவித்தது. 1 கிகாபைட்டு வரை 2 டாலர், அதற்கு மேல் 10 கிகாபைட்டு வரை 15 டாலர், அதற்கும் மேல் 25 டாலர் என்பன அளவுகள். விற்பனையாளர்களும் தயாரிப்பாளர்களும் மேல்முறையீடு செய்தனர். சட்டம் ஒலிப்பதிவு ஊடகம் என்றுதான் கூறுகிறது. எம்பி3 இசைக்கருவி ஊடகம் அன்று, கருவி. அதனுள் நிலையாகப் பொருத்தப்பட்ட நினைவகத்தைத் தனி ஊடகமாகக் கருத இயலாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 திசம்பரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2005இல் வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை. வாங்கிய தொகையைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. மீண்டும் ஒருமுறை முயன்றபோதும் அதே நீதிமன்றம் 2008 சனவரியில் தடுத்துவிட்டது.

இத்தீர்ப்பைப் பலர் நுகர்வோர் வெற்றியாகக் கொண்டாடினர். அதன் மறுபக்கம் குறைவாகவே பேசப்பட்டது: கட்டணம் பொருந்தாத இடத்தில் நகலெடுக்கும் அனுமதியும் பொருந்தாது. வெற்றுத்தட்டில் பாட்டைப் பதிவு செய்தவர் சட்டத்துக்குள்ளும், அதே பாட்டை ஐபாட்டில் ஏற்றியவர் சட்டத்துக்கு வெளியேயும் நின்றனர். 2012இல் நிறைவேறிய பதிப்புரிமை நவீனமயமாக்கல் சட்டம் சொந்தக் கருவியில் நகலெடுப்பதை அனுமதித்து இம்முரண்பாட்டை நீக்கியது. ஆனால் அதற்கு ஈடு எதுவும் வைக்கவில்லை. இசைக்கருவிக்குக் கட்டணம் விதிக்கும் முன்மொழிவை அன்றைய ஆளுங்கட்சி "ஐபாட் வரி" என்று பெயரிட்டுத் தேர்தல் மேடைகளில் எதிர்த்தது. மைக்ரோ எஸ்டி நினைவக அட்டைகளுக்குக் கட்டணம் கோரப்பட்டபோது, அரசு 2012 அக்டோபரில் அவற்றுக்கு விலக்களித்து விதி வெளியிட்டது. வெற்றுக் குறுந்தகட்டின் விற்பனை சரியச் சரியக் கலைஞர்களுக்குக் கிடைத்த தொகையும் உடன் சரிந்தது. நகலெடுப்பது நிற்கவில்லை, நகலெடுக்கும் பொருள் மட்டுமே மாறியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம்

2001ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியுரை, சொந்த நகலை அனுமதிக்கும் நாடு உரிமையாளருக்கு நியாயமான ஈடு கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதித்தது. எந்த வழியில், எவ்வளவு என்பது நாடுகளிடமே விடப்பட்டது. நியாயமான என்னும் சொல்லுக்குப் பொருள் காணும் பணி நீதிமன்றத்தின் மேல் விழுந்தது.

இவற்றுள் பதவான் வழக்கு பெரிதும் அறியப்பட்டது. பதவான், பார்சிலோனாவில் வெற்றுத் தட்டுகளும் எம்பி3 கருவிகளும் விற்ற நிறுவனம். 2002 முதல் 2004 வரையிலான விற்பனைக்காக 16,759.25 யூரோ செலுத்த வேண்டும் என்று ஸ்பெயினின் உரிமை அமைப்பு கோரியது. அலுவலகங்கள் தம் கோப்புகளைச் சேமிக்க வாங்கும் தட்டுக்கும் பாட்டுக்கான கட்டணமா என்பது கேள்வி. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 அக்டோபரில் இரு பகுதிகளாக விடையளித்தது. தனிமனிதர் வாங்கும் ஊடகத்துக்குக் கட்டணம் விதிக்கலாம். அவர் உண்மையில் பாட்டை நகலெடுத்தாரா என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆனால் தொழில் பயன்பாட்டுக்கென்றே தெளிவாக வாங்கப்படும் ஊடகத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு விதிப்பது நெறியுரைக்கு முரணானது.

2014இல் நெதர்லாந்து தொடர்பான வழக்கில், சட்டத்துக்குப் புறம்பான மூலத்திலிருந்து எடுக்கப்படும் நகல்களைக் கணக்கிட்டுக் கட்டணம் வகுக்கக்கூடாது என்று கூறப்பட்டது. திருட்டுப் பதிவிறக்கத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் செலுத்துகிறோம் என்று நெதர்லாந்து மக்கள் கொண்டிருந்த எண்ணம் இத்துடன் முடிந்தது. செல்பேசிகளின் நினைவக அட்டை போன்ற பல்பயன் ஊடகங்களுக்கும் கட்டணம் விதிக்கலாம் என்று 2015இல் டென்மார்க் வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஸ்பெயின் அரசு 2011 இறுதியில் கட்டணத்தை ஒழித்து, ஈட்டை அரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து வழங்கியது. நுகர்வோர் மகிழ்ந்தனர். ஆனால் பொது நிதியிலிருந்து கொடுத்தால் நகலெடுக்கவே வாய்ப்பில்லாத நிறுவனங்களும் அதன் சுமையைத் தாங்க நேரிடும் என்பதால் ஸ்பெயினின் ஏற்பாடு செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 சூனில் கூறியது. 2017இல் கட்டணம் மீண்டும் வந்தது. நார்வே 2005 முதலும் பின்லாந்து 2015 முதலும் பொது நிதி வழியைக் கைக்கொண்டன. இவ்வழியில் கடையில் பொருளின் விலை ஏறாது. ஆனால் கலைஞரின் ஈடு ஆண்டுதோறும் நிதியமைச்சரின் கையை எதிர்பார்த்து நிற்கும்.

பங்கீடு

பணம் யாருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சட்டப்படி 100 டாலர் திரண்டால், ஏறத்தாழ 66.67 டாலர் ஒலிப்பதிவு நிதிக்கும் 33.33 டாலர் இசைப்படைப்பு நிதிக்கும் செல்லும். ஒலிப்பதிவு நிதியில் 4 விழுக்காடு, அதாவது 2.67 டாலர், உறையில் பெயர் வராத பின்னணி வாத்தியக் கலைஞர்களுக்கும் துணைப் பாடகர்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய 64 டாலரில் நிறுவனத்துக்கு 38.40, முதன்மைக் கலைஞருக்கு 25.60. இசைப்படைப்பு நிதியை வெளியீட்டாளரும் பாடல் எழுதியோரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வர்.

கனடாவில் பாடல் எழுதியோருக்கும் வெளியீட்டாளருக்கும் 58.2 விழுக்காடும், நிகழ்த்துநருக்கு 23.8 விழுக்காடும், ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கு 18 விழுக்காடும் வழங்கும் முறை பின்பற்றப்பட்டது. பாட்டு எழுதியவர் இங்கு முதலிடம் பெறுவதும் அமெரிக்காவில் நிறுவனம் முதலிடம் பெறுவதும் கவனிக்கத்தக்கன.

இதனினும் கடினமான கேள்வி, தனித்தனிக் கலைஞர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதாகும். வீட்டில் எந்தப் பாட்டு நகலெடுக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே இம்முறை பிறந்தது. ஆகவே வானொலி ஒலிபரப்பு, இசைத்தட்டு விற்பனை ஆகியவற்றின் மாதிரிகளைக் கொண்டு தோராயமாகக் கணக்கிடப்படுகிறது. வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் பாடகருக்கு இது நன்மை தரும். கையிலிருந்து கைக்கு நகலாகவே பரவும் சிறு குழுவின் பாட்டு, உண்மையில் மிகுதியாக நகலெடுக்கப்பட்டிருந்தும், கணக்கில் இடம்பெறாமற் போகலாம். அந்தரங்கத்தைக் காத்ததற்கான விலையை ஒரு பகுதி இக்கலைஞர்களே தருகின்றனர்.

எதிர்ப்பும் ஆதரவும்

நுகர்வோர் தரப்பில் அடிக்கடி எழும் குறை, ஒரே பாட்டுக்கு இருமுறை பணம் கேட்கப்படுகிறது என்பது. இணையக் கடையில் விலை கொடுத்து வாங்கிய பாட்டைத் தன் கருவியில் ஏற்றுபவர், கருவி வாங்கும்போதும் கட்டணம் செலுத்தியிருப்பார். இசையே கேளாதவரும் செலுத்த வேண்டியிருப்பது மற்றொரு குறை. இவ்விரண்டும் வலுவானவை. கட்டணம் குறைந்த அண்டை நாட்டில் பொருள் வாங்குவதும் ஐரோப்பாவில் வழக்கமாயிற்று.

கலைஞர் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்பதே ஐபாட்டின் விற்பனை விளம்பரம். பாட்டு இல்லையேல் அக்கருவி வெறும் பெட்டி. கருவியின் விலையில் சில்லுக்கும் திரைக்கும் மின்கலத்துக்கும் பங்கு இருக்கையில், அதனை வாங்கத் தூண்டிய இசைக்கு மட்டும் பங்கில்லை என்பது எங்ஙனம் நியாயமாகும் என்று அவர்கள் வினவுகின்றனர். மேலும், சொந்தமாகக் கச்சேரி மேடை இல்லாத பாடலாசிரியருக்கும், ஒரு நாள் கூலிக்கு வாசித்துவிட்டுச் சென்ற வாத்தியக் கலைஞருக்கும் பதிவு முடிந்த பின் வருவாய் வரக்கூடிய வழிகள் மிகச் சிலவே. தொகை சிறிது என்பது உண்மை. அவ்வழிகளுள் இதுவும் ஒன்று என்பதும் உண்மை.

செல்பேசியும் முகில் சேமிப்பகமும்

இசைக்கருவியின் இடத்தைச் செல்பேசி பிடித்தபின் கட்டணமும் அங்கே சென்றது. ஜெர்மனியில் பேசி முடிவு செய்யப்பட்ட அளவுப்படி, தனிநபர் வாங்கும் திறன்பேசி ஒன்றுக்கு 6.25 யூரோ வாங்கப்பட்டது. பிரான்சில் புதிய பேசிகளுக்கு நினைவக அளவைப் பொறுத்து இதனினும் கூடுதலான கட்டணம் உண்டு. 2021இல் பழுதுநீக்கி மறுவிற்பனை செய்யப்படும் பேசிகளுக்கும் குறைந்த அளவில் கட்டணம் விதிக்கப்பட்டபோது அங்கே பெரும் விவாதம் எழுந்தது. பழைய பேசியைப் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றோரும், முதல் உரிமையாளர் போலவே இரண்டாமவரும் நகலெடுப்பார் என்றோரும் எதிரெதிர் நின்றனர்.

பாட்டு இப்போது பெரும்பாலும் கேட்பவரின் கருவியில் இருப்பதில்லை. ஸ்ட்ரீமிங் சேவையில் கேட்கும் பாட்டுக்கு அச்சேவையே உரிமம் பெற்றுப் பணம் செலுத்துகிறது. இணைப்பில்லாத வேளையில் கேட்கச் சேமித்து வைக்கும் பதிவும் அவ்வுரிமத்தின் ஒரு பகுதி என்பதால், அதைத் தனிநகல் எனக் கொள்ளலாகாது என்பது தொழில்துறையின் நிலைப்பாடு. ஆயினும் சொந்தப் பாட்டுகளை முகில் சேமிப்பகத்தில் வைப்போர் உண்டு. ஆஸ்திரிய உரிமை அமைப்பு ஒன்றுக்கும் ஜெர்மானியச் சேமிப்பக நிறுவனமான ஸ்திராட்டோவுக்கும் இடையிலான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தொலைவிலுள்ள வழங்கியில் எடுக்கும் நகலும் தனிநகலே. அதற்கும் ஈடு உண்டு. ஆனால் பேசி, கணினி போன்ற கருவிகளின் கட்டணத்திலேயே அந்த ஈடு அடங்கிவிடுமாயின், சேமிப்பக நிறுவனத்திடம் தனியே வாங்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது.

இந்தியா

இந்தியாவில் தனிநகல் கட்டணம் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாள்கையை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தொடக்கத்தில் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகிய படைப்புகளுக்கு இருந்த இவ்விலக்கு, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணினி நிரல் நீங்கலாகப் பிற படைப்புகளுக்கும், அதனால் ஒலிப்பதிவுக்கும் விரிந்தது. ஈடு பற்றி அப்பிரிவில் எதுவும் இல்லை.

1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டு ஊர்களில் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. விரும்பிய திரைப்பாடல்களின் பட்டியலை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் சில நாளில் பதிவு செய்து தருவர். கேட்பவருக்கு அது சொந்தப் பயன்பாடு. கடைக்காரருக்கு அது தொழில். எனவே இதனைத் தனிநகல் என்று கூற இயலாது. ஜெர்மனியில் வெற்று நாடாவின் விலையிலேயே பாட்டு எழுதியவருக்கு ஒரு பங்கு சேர்ந்த அதே காலத்தில், இங்கு வெற்றுக் கேசட்டின் விலையிலோ பதிவுக் கூலியிலோ அவருக்குப் பங்கு இருக்கவில்லை.

இந்தியச் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமையை விற்றுவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்ந்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று வகுத்தது. நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமை தரப்பட்டது. இவ்வுரிமைகள் வானொலி, தொலைக்காட்சி, இணையச் சேவை போன்ற உரிமம் பெற்றுப் பயன்படுத்துவோரிடம் செல்லும். வீட்டில் எடுக்கப்படும் நகல் அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.